விட்டுப்போன ஆறு நாள்

ஏற்காடு
11.6.2025

அண்ணனுக்கு சுபைதா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும்.

பெருநாளுக்கு ஏன் சேலம் வரவில்லை என்று மதினி மூன்று முறை போன் செய்துவிட்டார். காய்ச்சல் என்று பொய் சொல்லிவிட்டேன். உண்மையை உங்களுக்கு எழுதுகிறேன். போனில் என்றால் நீங்கள் பேசிக்கொண்டே போவீர்கள், நான் "சரிங்கண்ணே, சரிங்கண்ணே" என்று சொல்லி வைத்துவிடுவேன். நாற்பத்தாறு வயது வரை அப்படித்தான் நடந்திருக்கிறது. இது எழுத்தில் இருக்கட்டும்.

பர்ஹானா பெங்களூரிலிருந்து பெருநாள் லீவுக்கு வந்தாள். அங்கே ஒரு பெரிய கடையில் நம் மிளகுப் பாக்கெட்டைப் பார்த்து, அம்மா படம் போட்டிருக்கிறதே என்று வாங்கி வந்திருக்கிறாள். போன வருஷம் நீங்கள் கூட்டி வந்த போட்டோக்காரர் எடுத்த படம். முக்காடு போட்டு, கையில் மிளகுக் கொத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். கீழே எழுதியிருக்கிறது: "சுபைதாவின் தோட்டத்து மிளகு. ஏற்காட்டு வெயிலில் காய்ந்தது. வேறெதுவும் படாதது."

"இந்தப் போட்டோவ மட்டும் கிழியாம உரிச்சு பர்ஸ்ல வெச்சுக்கறேம்மா" என்று சுடுதண்ணீர் டம்ளரைப் பாக்கெட்மேல் வைத்து வைத்து, நகத்தால் மெதுவாக உரித்தாள். ஸ்டிக்கர் முழுசாக வந்துவிட்டது. அடியில் அச்சிட்டிருந்ததைப் பார்த்தோம். பச்சை வட்டம், உள்ளே இரண்டு இலை, மேலே ஒரு புள்ளி. பக்கத்தில் கதிர்வீச்சால் பதப்படுத்தப்பட்டது என்று இங்கிலீஷில். தேதி 20.5.2024. பர்ஹானாதான் வாசித்துச் சொன்னாள். சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தாள்.

அண்ணே, என் மூஞ்சியை எதை மூடுவதற்கு ஒட்டினீர்கள்?

நாங்கள் பதினோரு பெண்கள். லூர்துசெல்வி, கனகா, இளவரசி எல்லாரும் தங்கள் கொடியில் பறித்ததை என் களத்தில் காயவைத்து, என் கையால் மூட்டை கட்டி உங்களுக்கு அனுப்புகிறார்கள். வேறு வியாபாரியிடம் போகாமல் இருப்பது உங்களை நம்பி அல்ல, நான் உங்கள் தங்கச்சி என்பதால். "வேறெதுவும் படாதது" என்று நான் சொன்னதாக ஊரெல்லாம் ஒட்டியிருக்கிறீர்கள். பட்டிருக்கிறது. எனக்குத் தெரியாமல் பட்டிருக்கிறது.

பதில் எழுதுங்கள். போன் செய்தால் எடுக்க மாட்டேன்.

சுபைதா


சேலம்
17.6.2025

அன்புத் தங்கச்சி சுபைதாவுக்கு அண்ணன் சாதிக் பாஷா எழுதுவது. வ அலைக்குமுஸ்ஸலாம்.

கடையில் உட்கார்ந்து உன் கடிதத்தை வாசித்தேன். மகள் ஷிரின் "என்ன அத்தா, அத்தை லெட்டர் போட்டிருக்காங்க?" என்று கேட்டாள். மிளகு விஷயம் என்று சொல்லிவிட்டேன்.

உன் பயம் எனக்குப் புரிகிறது. தௌபீக் மச்சானுக்குப் புற்றுக்கட்டிக்காக நெஞ்சில் கதிர்க் கரண்டு வைத்ததிலிருந்து கதிர்வீச்சு என்றாலே உனக்குக் குலை நடுங்கும். அதே சமாச்சாரத்தை மிளகில் வைத்தால் சாப்பிடுகிறவனுக்கு என்ன ஆகுமோ என்று நினைத்திருப்பாய். ஒன்றும் ஆகாது. விமான நிலையத்தில் பெட்டியை மெஷினுக்குள் விட்டு எடுக்கிறார்களே, அந்தப் பெட்டியில் கதிர் தங்கிவிடுகிறதா? அதுபோலத்தான். மிளகு மூட்டையை ஒரு பெரிய கான்கிரீட் அறைக்குள் அனுப்புவார்கள். கோபால்ட் என்கிற உலோகத்திலிருந்து வரும் கதிர் அதன் ஊடே போய்விடும். மூட்டையில் எதுவும் மிச்சம் இருக்காது. ஆஸ்பத்திரியில் மச்சானுக்குப் போட்ட ஊசி, டாக்டர் கையுறை, பஞ்சு எல்லாமே இப்படிக் கதிர் காட்டி வருவதுதான். அமெரிக்கா போகிற மாம்பழம் இப்படித்தான் போகிறது. முளைவிடாமலிருக்க வெங்காயத்துக்கும் செய்கிறார்கள். அரசாங்கம் அனுமதித்த வேலை. நானும் முதலில் பயந்தேன், விசாரித்துத் தெரிந்துகொண்டேன்.

அப்புறம் ஏன் ஸ்டிக்கர் என்று கேட்பாய். பெங்களூர் கடைக்காரர்கள் அந்தப் பச்சை முத்திரையைப் பார்த்தால் சரக்கை அலமாரியில் வைக்க மாட்டேன் என்கிறார்கள். வாங்குகிறவர்களுக்கு உன்னைப் போலவே பயம். விவரம் தெரியாதவர்களிடம் போய்ப் பாடம் நடத்தவா முடியும்? அதனால் ஒட்டினேன். யாருக்கும் ஒரு கெடுதலும் இல்லை.

மற்ற பெண்களிடம் இதைச் சொல்லிக்கொண்டிருக்காதே. ஆளாளுக்கு ஒன்று பேசி பஜார் முழுக்கப் பரவிவிடும். மச்சான் உடம்பு எப்படி இருக்கிறது? பர்ஹானாவுக்கு என் சலாம்.

உன் அண்ணன்
சாதிக் பாஷா


ஏற்காடு
22.6.2025

அண்ணனுக்கு,

எனக்குப் பயம் என்று யார் சொன்னது?

இருபத்தேழு நாள் ஆஸ்பத்திரியில் அந்த இரும்புக் கதவுக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தவள் நான். மேலே சிவப்பு விளக்கு எரிந்தால் உள்ளே கதிர் போகிறது என்று அர்த்தம். அணைந்தால் நின்றுவிட்டது. கதவைத் திறந்த அடுத்த நிமிஷம் நான் உள்ளே போய் அவர் கையைப் பிடித்துத்தான் மேஜையிலிருந்து இறக்குவேன். அவர் உடம்பில் எதுவும் தங்காது என்று எனக்கு முதல் நாளே சொன்னார்கள். நான் சொல்லித்தான் பக்கத்து ஊட்டுக்காரர்கள் பேரப்பிள்ளைகளை அவர் மடியில் விட்டார்கள். எனக்கே பெட்டி, விமான நிலையம் என்று பாடம் சொல்கிறீர்கள். நான் விமான நிலையத்தைப் பார்த்ததில்லை. அந்த மெஷினைப் பார்த்திருக்கிறேன்.

அங்கே அவர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா அண்ணே? முதலில் எங்கள் இரண்டு பேரையும் உட்காரவைத்து, எதற்காக வைக்கிறோம், எத்தனை நாள், என்னென்ன தொந்தரவு வரும் என்று முக்கால் மணி நேரம் சொன்னார்கள். அவரிடம் கையெழுத்து வாங்கினார்கள், சாட்சிக்கு என்னிடமும் வாங்கினார்கள். நெஞ்சில் மையால் கோடு போட்டு, குளிக்கும்போது அழியக்கூடாது என்றார்கள். நான் துணியை நனைத்து அந்தக் கோட்டைச் சுற்றிச் சுற்றித் துடைப்பேன். கதிர் எங்கே படுகிறது என்று மறைக்காமல் உடம்பிலேயே வரைந்து வைத்தார்கள். நீங்கள் அதன்மேல் ஸ்டிக்கர் ஒட்டினீர்கள்.

விவரம் தெரியாதவர்கள் என்று வாங்குகிறவர்களைச் சொல்கிறீர்கள். எங்களிடமும் சொல்லவில்லையே. அப்போது நாங்களும் அந்தக் கணக்குத்தானா?

நீங்கள் எழுதிய இரண்டு பக்கத்தில் ஒன்று மட்டும் இல்லை. கதிர் காட்டுவது எப்படி என்று சொன்னீர்கள், மாம்பழம் சொன்னீர்கள், வெங்காயம் சொன்னீர்கள். என் மிளகுக்கு எதற்காகக் காட்டினீர்கள் என்று சொல்லவில்லை. அவர் நெஞ்சில் கட்டி இருந்தது, அதனால் வைத்தார்கள். மிளகில் என்ன இருந்தது?

அவர் உடம்பைக் கேட்டீர்கள். இருமல் அப்படியேதான் இருக்கிறது. பரிசோதனைக்குக் கூப்பிட்டால் வரமாட்டேன் என்கிறார். "அந்தக் கரண்டுச் சூடுதான் எங்கொடலக் கருக்கிப் போட்டுச்சு. மறுபடி அந்தப் பக்கமே வரமாட்டேன் போ" என்கிறார். முப்பத்துமூன்று நாள் வைக்க வேண்டியது இருபத்தேழோடு நின்றது உங்களுக்குத் தெரியும்.

சுபைதா


சேலம்
2.7.2025

சுபைதாவுக்கு,

கேட்டுவிட்டாய். வாங்கிக்கொள். லேப் ரிப்போர்ட்டின் நகலை இதோடு வைத்திருக்கிறேன்.

போன வருஷம் ஏப்ரலில் உன் மூட்டைகளிலிருந்து மாதிரி எடுத்து, மிளகு வாங்குகிற பெங்களூர் கம்பெனி பரிசோதனைக்கு அனுப்பியது. கிருமி இருக்கிறது என்று வந்தது. கோழி எச்சத்திலும் சாக்கடைத் தண்ணீரிலும் இருக்கிற கிருமி. லேப்காரர் போனில் என்னிடம் எப்படிப் பேசினார் தெரியுமா? "ஏனுங்க பாய், மிளக எங்கதானுங்க காயப்போடறீங்க, மாட்டுக் கொட்டாயிலயா?" என்றார். என் தங்கச்சி களத்தைப் பற்றி ஒருவன் இப்படிக் கேட்கிறான். நான் பொறுத்துக்கொண்டேன்.

அன்றைக்கு நான் என்ன செய்திருக்க வேண்டும்? மூட்டைகளைத் திருப்பி உன் வாசலில் இறக்கி, "இது சாக்கடை, குப்பையில் கொட்டு" என்று சொல்லியிருக்க வேண்டுமா? பதினோரு பெண்களின் ஒரு வருஷ உழைப்பு. பாதிப் பேர் உன்னைத்தான் வந்து பிடித்திருப்பார்கள். ஏற்காட்டு மிளகு என்றாலே வேண்டாம் என்று மார்க்கெட்டில் பேராகியிருக்கும். கதிர் காட்டினால் கிருமி செத்துவிடும் என்றார்கள். காட்டினேன். மறுபடி பரிசோதித்தார்கள், சுத்தமாக இருந்தது. யாருக்கும் ஒரு வயிற்றுவலிகூட வரவில்லை. இந்த வருஷச் சரக்கையும் கேட்காமலே அனுப்பிவிட்டேன்.

உன்னிடம் சொல்லாமல் இருந்தது உன் மானத்துக்காக. அத்தா மவுத்தாகி நம்மை விட்டுப்போன நாளிலிருந்து உனக்கு எது தெரிய வேண்டும், எது தெரிய வேண்டாம் என்று பார்த்துப் பார்த்துத்தான் செய்துவருகிறேன். உன் கல்யாணத்துக்கு முன்னால் நடந்த எத்தனையோ விஷயம் உனக்கு இன்னும் தெரியாது. தெரிந்திருந்தால் நீ நிம்மதியாக இருந்திருக்க மாட்டாய். அதற்குக் கிடைத்த கூலி உன்னுடைய இரண்டு கடிதம்.

நீங்கள் வீட்டில் புழங்குகிற மிளகைப் பற்றிக் கவலைப்படாதே. கொதிக்கவைத்தால் அந்தக் கிருமி செத்துவிடும் என்று லேப்காரரிடம் அன்றைக்கே கேட்டுவிட்டேன். ரசத்திலும் கறியிலும் போடுவதுதானே.

சாதிக் பாஷா


ஏற்காடு
9.7.2025

அண்ணனுக்கு,

உங்கள் ரிப்போர்ட்டில் தேதி 26.4.2024. கிருமியின் பெயர் கொட்டை எழுத்தில் இருக்கிறது. எனக்கு இங்கிலீஷ் சரளமாக வராது, எழுத்துக் கூட்டி வாசித்தேன். எங்கேயோ பார்த்த சொல்லாக இருந்தது. ஒரு நாள் முழுக்க அதே நினைப்பு. பிறகு அலமாரியில் அவருடைய ஆஸ்பத்திரிப் பைலை எடுத்தேன்.

போன வருஷம் அக்டோபரில், இருபத்தேழாவது நாள் கரண்டு முடிந்து வந்த அன்று, அவருக்குக் காய்ச்சலும் வயிற்றுப்போக்கும் வந்து ஒன்பது நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தாரே, அந்தச் சீட்டு. இரத்தப் பரிசோதனை என்று போட்டு எதிரில் ஒரு சொல். உங்கள் ரிப்போர்ட்டைப் பக்கத்தில் வைத்து ஒவ்வொரு எழுத்தாக விரல் வைத்துப் பார்த்தேன். பத்து எழுத்து. பத்தும் ஒன்று. சால்மொனெல்லா.

ரசத்திலும் கறியிலும் போடுவதுதானே என்று எழுதியிருக்கிறீர்கள். அண்ணே, அவருக்கு இருமல். ஒரு நாளைக்கு இரண்டு வேளை தேனில் மிளகுப்பொடி குழைத்து என் விரலால் அவர் நாக்கில் தடவினேன். பச்சைப் பொடி. கரண்டு வைத்து, மருந்து ஏற்றி, எதிர்ப்புச் சக்தி எல்லாம் போய்க் கிடந்த உடம்பு. நல்ல மிளகாகப் பொறுக்கி வறுக்காமல் இடித்தேன். வறுத்தால் காரம் போய்விடும் என்று.

டாக்டர் அப்போதே சொன்னார், இது கிருமியால் வந்தது, குணமானதும் மீதி ஆறு நாளுக்கு வாருங்கள் என்று. இவர்தான் நம்பவில்லை. "கரண்டு வெக்காம இருந்தப்ப இந்தக் கிருமி எங்க போச்சு?" என்றார். நீங்கள் பழம் வாங்கிக்கொண்டு பார்க்க வந்தீர்கள். கட்டில் பக்கத்தில் நின்று, "ஆமாங்க மச்சான், நெஞ்சுல வெச்ச சூடு வயித்துக்கு எறங்கத்தானே செய்யும்" என்றீர்கள். உங்கள் பெட்டியில் அந்த ரிப்போர்ட் ஆறு மாதமாக இருந்தது. நீங்கள் சொன்ன பிறகுதான் அவர் முடிவே எடுத்தார். மச்சானே சொல்லிவிட்டார் என்று ஒன்பது மாதமாக என்னிடம் அதையேதான் சொல்கிறார்.

நேற்று ஷிரினிடம் போனில் பேசினேன். வேறெதுவும் கேட்கவில்லை. உங்கள் ஊட்டில் எந்த மிளகு என்று மட்டும் கேட்டேன். "அத்தா பாக்கெட்டுதான் கொண்டாருவாங்க அத்தை. நீங்க அனுப்புற மூட்டைய ஊட்டுக்கு எடுத்துட்டு வரவே மாட்டாங்க" என்றாள். குழந்தை, தெரியாமல் சொல்லிவிட்டாள். திட்டாதீர்கள்.

சுபைதா


சேலம்
15.7.2025

சுபைதா,

நீ எழுதியதை வைத்து எதையும் நிச்சயமாகச் சொல்ல முடியாது. அந்தக் கிருமி டீக்கடையிலும் இருக்கும், ஆஸ்பத்திரி வாசல் ஓட்டலிலும் இருக்கும், முட்டையிலும் இருக்கும். தினமும் பஸ்ஸில் போய் வந்தீர்கள். மச்சான் வழியில் எங்கே என்ன சாப்பிட்டாரோ. நான் விசாரித்துவிட்டுத்தான் சொல்கிறேன்.

பாக்கெட் மிளகு கடையில் இருந்ததால் வீட்டுக்கு எடுத்துப் போனேன். அவ்வளவுதான்.

மச்சானைச் சென்னைக்கு அழைத்துப் போய்ப் பெரிய டாக்டரிடம் காட்டலாம். எல்லா ஏற்பாடும் நான் செய்கிறேன். நீ எதுவும் செய்ய வேண்டாம். சரி என்று ஒரு வார்த்தை எழுது.

சாதிக்


ஏற்காடு
3.8.2025

சாதிக் பாஷா அவர்களுக்கு,

நீங்கள் சொன்னது சரி. நிச்சயமாகச் சொல்ல முடியாதுதான். டாக்டரும் அதையே சொன்னார். ஆனால் நீங்கள் போன வருஷமே வாயைத் திறந்திருந்தால் நிச்சயமாகத் தெரிந்திருக்கும். முதல் நாளே அந்த மிளகை எடுத்துப்போய் டாக்டரிடம் காட்டியிருப்பேன்.

பதினோரு பேரையும் கூப்பிட்டு உங்கள் ரிப்போர்ட்டை நடுவில் வைத்தேன். பெரிய சண்டை. கனகா என் முகத்துக்கு நேரே, "ஒங்கண்ணன் பண்ணது ஒனக்குத் தெரியாதாக்கும்? மூஞ்சி மட்டும் சும்மாவா குடுத்த?" என்று கேட்டாள். கேட்க அவளுக்கு உரிமை இருக்கிறது. பிறகு ஒவ்வொரு வீட்டிலும் இந்த வருஷம் மிச்சமிருந்த மிளகில் கொஞ்சம் எடுத்து, தனித்தனிப் பையில் பேர் எழுதி, லூர்துசெல்வியும் நானும் பஸ்ஸில் கொண்டுபோய்ப் பரிசோதனைக்குக் கொடுத்தோம். பதினோரு பையில் இரண்டில் கிருமி. ஒன்று இளவரசி. இன்னொன்று நான்.

என் களம்தான். மறைக்க மாட்டேன். போன வருஷத் தொடக்கத்தில் அவருக்கு இருமல் ஆரம்பித்ததிலிருந்தே நான் களத்தை அந்தியில் மூடுவதில்லை. கோழி நடுவில் நடந்து போகும். தண்ணீர்த் தொட்டியைக் கழுவி எத்தனை மாதம் ஆயிற்று என்று எனக்கே தெரியாது. கழுவாத தண்ணீரில்தான் மிளகை அலசியிருக்கிறேன். இந்தக் குற்றம் என்னுடையது, எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டேன்.

இப்போது களத்தைச் சுற்றி வலை கட்டியாயிற்று. கோழிக்கூட்டைக் கீழ்ப்பக்கம் மாற்றியாயிற்று. தொட்டியைப் பிளீச்சிங் பவுடர் போட்டுக் கழுவினோம். எல்லாம் சேர்த்து இரண்டு நாள் வேலை. நீங்கள் ஒரு போன் செய்திருந்தால் போன வருஷம் மே மாதமே முடிந்திருக்கும். என் மானத்தைக் காப்பாற்றினேன் என்று எழுதினீர்கள். மானம் போயிருந்தால் போயிருக்கட்டும். வெளியூர்க்காரர்கள் சாப்பிடுகிற மிளகைச் சுத்தம் செய்தீர்கள். உங்கள் வீட்டுக்குச் சுத்தமானதை எடுத்துப்போனீர்கள். விளைவித்த எங்களை மட்டும் அதையே தின்னும்படி விட்டுவிட்டீர்கள்.

அவரிடம் சொல்ல எனக்கு மூன்று நாள் ஆனது. ஒரு காலையில் கஞ்சி குடித்து முடித்த பிறகு சொன்னேன். பிறகு, "அப்ப கரண்டுனால இல்லியா?" என்றார். இல்லை என்றேன். "அப்ப நான் மிச்சத்துக்குப் போயிருக்கலாமா?" என்றார். இருபது வருஷம் மலை ரோட்டில் ஜீப் ஓட்டியவர். காலியான கஞ்சி டம்ளரை எங்கே வைப்பது என்று என்னைக் கேட்டார். மறுநாள் தானாகவே சட்டையைப் போட்டுக்கொண்டு பரிசோதனைக்குக் கிளம்பிவிட்டார்.

விட்டுப்போன ஆறு நாளை இப்போது வைக்க முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதை அந்தந்த நாளில் தொடர்ச்சியாக வைத்தால்தான் பலன். கட்டி சுருங்கித்தான் இருக்கிறது, முழுக்கப் போகவில்லை. ஸ்கேன் எடுத்து மாத்திரை எழுதிக் கொடுத்திருக்கிறார். செப்டம்பரில் மறுபடி காட்ட வேண்டும். அப்புறம் மூன்று மாதத்துக்கு ஒரு தடவை. சென்னை வேண்டாம்.

நீங்கள் எனக்காகச் செய்ய வேண்டியது ஒன்றுதான். பதினேழாம் தேதி ஞாயிறு பதினோரு மணிக்கு எங்கள் களத்தில் கூட்டம். வந்து, என்ன செய்தீர்கள் என்று உங்கள் வாயால் அவர்களிடம் சொல்லுங்கள். உங்களுக்காக நான் பேச மாட்டேன்.

சுபைதா


சேலம்
20.8.2025

சுபைதாவுக்கு அண்ணன் எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும்.

வந்தேன், சொன்னேன். நீ தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை. லூர்துசெல்வி கொடுத்தார்கள். கொடுத்துவிட்டு, "நாங்க எழுதப் படிக்கத் தெரிஞ்சவங்கதானுங்க. ஒரு தாளு அனுப்பியிருந்தா படிச்சிருப்போமுங்க" என்றார்கள். கோபமாகத் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். கூட்டம் முடிந்து அடிவாரம் வந்து சேரும் வரைக்கும் அந்தக் குரல் காதிலேயே இருந்தது.

களத்தில் எல்லாவற்றையும் சொன்னதாக நீ நினைத்திருப்பாய். இரண்டை அங்கே சொல்லவில்லை. உனக்கு மட்டும் எழுதுகிறேன்.

பாக்கெட் மிளகு கடையில் இருந்ததால் வீட்டுக்கு எடுத்துப் போனேன் என்று எழுதினேனே, அது பொய். ரிப்போர்ட் வந்த அன்று இரவே மூட்டை மிளகை டப்பாவோடு கொட்டச் சொன்னேன். பூச்சி விழுந்துவிட்டது என்று உன் மதினியிடம் சொன்னேன். கொட்டும்போது உன் வீட்டு டப்பா நினைவுக்கு வந்தது. நாளைக்குப் போன் செய்து சொல்லலாம் என்று நினைத்தேன். சொன்னால் எல்லாவற்றையும் சொல்ல வேண்டியிருக்கும். அதற்குப் பிறகுதான் கொதித்தால் சாகுமா என்று லேப்காரரிடம் கேட்டேன். அவர் சாகும் என்றதும் அதையே பிடித்துக்கொண்டேன்.

இன்னொன்று, ஆஸ்பத்திரியில். வயிற்றுப்போக்கு, காய்ச்சல் என்று நீ சொன்னதும் எனக்கு அந்த மிளகின் நினைப்பு வந்தது. ஒரு நொடிதான். வந்தது உண்மை. உடனே கரண்டுச் சூடு என்று வாய் சொல்லிவிட்டது. மச்சானுக்கா, எனக்கா, யாருக்காகச் சொன்னேன் என்று இன்றுவரை யோசிக்கிறேன். அவர் என் பேச்சைக் கேட்டு மீதி நாளை விடுவார் என்று நினைக்கவில்லை. விட்டுவிட்டார் என்று தெரிந்த பிறகும் நான் வாய் திறக்கவில்லை. எட்டு மாதம்.

பெங்களூர்க் கடைகளிலிருந்து பாக்கெட்டுகளைத் திரும்ப வரவழைத்துவிட்டேன். ஷிரினும் நானும் உட்கார்ந்து ஸ்டிக்கரை உரிக்கிறோம். காரணத்தை அவளிடம் சொல்லிவிட்டேன். இரண்டு நாளாக அவள் என்னோடு பேசவில்லை.

மச்சானைப் பார்க்க வேண்டும். கூட்டத்தன்று அவர் உள்ளே படுத்திருந்தார், நீ வாசலை மறித்து நின்றாய். நீ விட்டால் வருவேன்.

சாதிக் பாஷா


ஏற்காடு
7.9.2025

அண்ணனுக்கு,

உங்கள் கடிதத்தை அவருக்கு வாசித்துக் காட்டினேன். இரண்டு விஷயத்தையும்தான். மறைத்து மறைத்து வந்த வினை போதும் என்று ஒரு வரி விடாமல் வாசித்தேன்.

முதலில் குழுவின் முடிவு. அடுத்த வருஷ மிளகையும் கதிர் காட்டித்தான் விற்கப் போகிறோம். கனகா முதலில் வேண்டாம் என்றாள். வலை கட்டினாலும் மழைக் காலத்தில் எல்லாவற்றையும் நம்மால் காக்க முடியாது, சாப்பிடுகிறவர் யாரோ, அவர் வீட்டில் எந்த நோயாளி இருக்கிறாரோ என்று சொன்னேன், ஒத்துக்கொண்டாள். நாங்களே கதிர் காட்டும் ஆலைக்கு எழுதிக் கேட்டிருக்கிறோம். பச்சை முத்திரை முன்பக்கத்திலேயே பெரிதாக இருக்கும். அது என்ன, எதற்கு என்று தமிழில் நான்கு வரி இருக்கும். இளவரசி எழுதுகிறாள். வாங்காதவர்கள் வாங்காமல் போகட்டும். நாங்கள் வீட்டில் புழங்குவதற்கும் அதிலிருந்தே எடுத்துக்கொள்வோம். உங்கள் மூலமாக விற்பதில்லை என்றும் முடிவாகிவிட்டது. நானும் கை தூக்கினேன்.

அவர் என்ன சொன்னார் என்று கேட்பீர்கள். சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். "பாவம், மச்சானும் பயந்துட்டாரு போ" என்றார். அவ்வளவுதான். அவர் குணம் அது. பேருக்குக்கூட உங்கள்மேல் ஒரு கோபம் இல்லை. எனக்கு அதுதான் தாங்கவில்லை. மூச்சு வாங்க வாங்க ஒரு மனிதர் உங்களுக்காகப் பரிதாபப்படுகிறார். அவருக்குப் பதிலாகவும் சேர்த்து நானே கோபப்பட வேண்டியிருக்கிறது. நான் உங்களை மன்னிக்கவில்லை. இந்தக் கடிதத்தை எடுத்து வையுங்கள். பின்னால் யாராவது சமாதானம் பேச வந்தால் காட்டுங்கள்.

வீட்டுக்கு வர வேண்டாம். வருகிற வியாழன் அவருக்குச் சேலத்தில் பரிசோதனை. டோக்கனுக்குக் காலை ஆறு மணிக்கே வரிசையில் நிற்க வேண்டும். நாங்கள் முதல் பஸ்ஸைப் பிடித்தாலும் வந்து சேர எட்டரை ஆகிவிடும். போன தடவை எங்களுக்கு நூற்றுப் பன்னிரண்டாவது டோக்கன். மூன்று மணி வரை அவரால் பெஞ்சில் நிமிர்ந்து உட்கார முடியவில்லை, என் தோளில் சாய்ந்தே இருந்தார்.

நீங்கள் சேலத்திலேயே இருக்கிறீர்கள். போய் நில்லுங்கள். இந்த வியாழன் மட்டுமல்ல, மூன்று மாதத்துக்கு ஒரு தடவை, டாக்டர் போதும் என்று சொல்லும் வரைக்கும். பேர் தௌபீக், வயது ஐம்பத்திரண்டு, பைல் நம்பரைத் தாளின் பின்பக்கம் எழுதியிருக்கிறேன். ஆளை அனுப்பாதீர்கள். நீங்களே நில்லுங்கள்.

சுபைதா